பொட்டு ஒட்டிய கேமரா

தாய்மாமன் முகம் கலங்கிப்போனதில் ஆரம்பித்த வினை இது.

அனுப்பானடிப் பக்கம் ஒரு கல்யாணம். படம் எடுத்தது என் வீட்டுக்காரர் சோணைமுத்து. ஆல்பம் போட்டது நான், மரகதம். காகிதத்தில் அச்சடித்த ஆல்பம்தான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் மதுரையில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சமிருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் எங்கள் கடை ஓடுகிறது. ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாளே நாலைந்து பேர் கடைவாசலில் வந்து நின்றுவிட்டார்கள். மாலை மாற்றுகிற படத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்று இருக்க, சீர்த்தட்டோடு பின்னால் நிற்கிற தாய்மாமன் முகம் மட்டும் சோற்றுக் கஞ்சி கொட்டியது மாதிரி இருந்தது. பங்காளிகள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நாங்கள் வேண்டுமென்றே மாமனை மங்கடித்துவிட்டோமாம். மாமன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அதுதான் பயமாக இருந்தது.

அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்த ஒவ்வொரு தடவையும் மாமன் மீசை முடி வரைக்கும் தெளிவாக இருந்தார். கோளாறே அதுதான்.

இப்போது வருகிற கேமராவில் ஃபோகஸ் என்று ஒன்று கிடையாது. கிட்டே இருப்பது, எட்ட இருப்பது எல்லாவற்றையும் அது மொத்தமாக விழுங்கி வைத்துக்கொள்கிறது. திரைக்கு மேலே மிளகு அளவில் ஒரு கண் இருக்கும். அது நம் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். நாம் திரையில் எங்கே பார்க்கிறோமோ அந்த இடத்தைத் தெளிய வைக்கும். மற்ற இடத்தைக் கலங்க வைக்கும். பொண்ணைப் பார்த்தால் பொண்ணு தெளிவு. மாமனைப் பார்த்தால் மாமன் தெளிவு. போன், டிவி, என் கடைக் கம்ப்யூட்டர் எல்லாமே இப்படி ஆகிவிட்டது. கலங்கலாக ஒரு பொருளைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதே ஊருக்கு மறந்துபோய்விட்டது. காகிதத்துக்குத்தான் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதில் எது தெளிவு, எது கலங்கல் என்று முன்பே ஒருவர் முடிவு பண்ணியாக வேண்டும்.

எல்லாவற்றையுமே தெளிவாக அச்சடித்துத் தொலைக்கலாமே என்று இவரிடம் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் தெரிஞ்சா அதுக்குப் பேரு படமா? அதுக்கு சிசிடிவி போதுமே" என்றார். இந்த மனுஷனுக்குப் பொண்ணு முகம் கத்தி மாதிரி இருக்கணும், பின்னால் இருக்கிற மரமும் வெளிச்சமும் வெண்ணெய் மாதிரி உருகணும். எவ்வளவு உருகியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் அவருடைய தொழிலே இருக்கிறது. அதைத்தான் புதுத் திரை கெடுத்துவிட்டது.

"எம்புட்டுக் கலங்கியிருக்குன்னு பாக்கலாம்னு கண்ணைத் திருப்புனா, அந்த இடம் தெளிஞ்சு போகுது மரகதம். தூங்குறவனை எழுப்பி நல்லாத் தூங்குறியான்னு கேக்குற கதையால்ல இருக்கு."

கம்பெனிக்கு எழுதினார். பின்புறத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகுங்கள் என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நானும் சமாதானம் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் அதே ஆத்திரம்தான்.

அதற்குப் பிறகு என் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த அரக்குப் பொட்டுகள் குறைய ஆரம்பித்தன. முதலில் நான் கரப்பான்பூச்சியைச் சந்தேகப்பட்டேன். பார்த்தால், ஐயா அதை எடுத்துக்கொண்டுபோய்க் கேமராவின் மிளகுக் கண் மேல் ஒட்டியிருக்கிறார். கண்ணை மூடிவிட்டால் திரை யார் பின்னாலும் ஓடாது. கையால் எந்தத் தூரத்தில் வைக்கிறோமோ அங்கேயே நிற்கும். முன்னே தெளிவு, பின்னே கலங்கல். எங்கே பார்த்தாலும் மாறாது. பழைய கேமரா திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வேலை முடிந்ததும் பொட்டை உரித்துக் கேமராப் பையில் ஒட்டிவைத்துவிடுவார். டவுன்ஹால் ரோடு முழுக்க இந்த வித்தை பரவி, மதுரைக்காரன் கேமராவுக்கே பூவும் பொட்டும் வைப்பான் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள். பேசினால் பேசட்டும், படம் நன்றாக வந்தது.

பிறகு செங்குளத்துக் கண்மாய் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளையை வெளியே நிறுத்தி எடுக்கிற படம். கண்மாய் நிறையத் தாமரை. கரையில் பேச்சியம்மாள் என்ற பெண்மணி தாமரைக் கட்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பொண்ணு ஆசைப்பட்டு ஒரு பூ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பறித்துக் கொடுத்தது பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி. மிச்சக் கட்டைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாள் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிவிட, அவர் மறுபடி தண்ணீரில் இறங்கியிருக்கிறார். தாமரைத் தண்டு காலைச் சுற்றிக்கொண்டது. சத்தம் போட்டிருந்தாலும் படம் எடுக்கிறவர்கள் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. சாயங்காலம்தான் உடல் மிதந்தது.

இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: கண்டவர் கடமைச் சட்டம். ஆபத்தில் ஒருவர் இருப்பதைத் திரையில் பார்த்தும் உதவாமல் போனால் குற்றம். கேமராவுக்கு உள்ளே நம் பார்வை எங்கெங்கே போனது என்று ஒரு தடம் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதை வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: பார்த்தாயா, இல்லையா? பார்த்தேன் ஆனால் தெரியவில்லை என்று சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை. பார்த்தால் தெளியும் என்று பழகியவர்கள் எழுதிய சட்டம் அல்லவா. குற்றம் உறுதியானால் கேமராவைத் தொடக் கூடாது, 'கண்டும் காணாதோர்' என்று ஊரறிய ஒரு பட்டியலில் பெயரும் ஏறும்.

சோணையின் கேமராவில் இருந்த தடம், அவர் வெள்ளைச்சாமியின் ஆடுகிற கையை இரண்டு நொடிக்கு மேல் பார்த்ததாகச் சொன்னது.

விசாரணைக்கு முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கடை ஷட்டரில் கரியால் எழுதிப் போட்டாய்ங்க. என்ன எழுதினார்கள் என்று இங்கே சொல்ல மாட்டேன். வந்த கல்யாண வேலையெல்லாம் வேறு கடைக்குப் போனது. இவரோ கண்மாய்ப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இரண்டு மூன்று வாய்தா தள்ளிப்போய், கடைசியாக விசாரித்த அன்று பஸ்ஸில் போகும்போது திரும்பத் திரும்பப் படித்துப் படித்துச் சொன்னேன்: என்ன கேட்டாலும் 'இல்லை' என்று ஒரே வார்த்தை, அதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விசாரித்தது ரெஜினா என்கிற அதிகாரி அம்மா. நல்ல மனுஷிதான், அவசரக்காரி இல்லை. பக்கத்தில் கேமராக் கம்பெனியின் ஆள், கழுத்துப் பட்டையோடு. கடைசி நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து அதே நாற்காலியில் உட்காருவார். எங்களை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பார்த்தீர்களா என்று ரெஜினா மேடம் கேட்டார். இல்லை என்றார் சோணை. மேடம் மேஜை மேல் இருந்த கேமராத் திரையில் அந்தப் படத்தைப் போட்டார். இந்தக் கேமராவில் எந்தப் படமும் முன்னும் பின்னும் சில நொடி அசையும். மேடத்தின் கண் பின்பக்கம் போனது. உடனே தண்ணீருக்கு மேல் ஒரு முகம், திறந்த வாய், வெள்ளை பனியன், ஆடுகிற கை எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இவ்வளவு தெளிவா இருக்கே, சோணைமுத்து."

அது இப்போதுதான் தெளிவு, அன்றைக்குக் கலங்கல் என்றார் இவர். கண் மேல் பொட்டு ஒட்டியிருந்த கதையைச் சொன்னார். கலங்கலாக இருந்ததைக் காட்டுங்கள் என்றார் மேடம். நீங்கள் பொண்ணை மட்டும் பாருங்கள், பின்னால் கலங்கல் தெரியும் என்றார் இவர். மேடம் பொண்ணைப் பார்த்தார். எங்கே கலங்கல் என்று கண்ணைத் திருப்பினார். வெள்ளைச்சாமி தெளிந்து வந்து கையை ஆட்டினார். பின்னால் பார்க்காதீர்கள் மேடம் என்று இவர் சொல்ல, பார்க்காமல் எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்க, மறுபடி பொண்ணு, மறுபடி வெள்ளைச்சாமி. ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் புதுசாக மூழ்கினார். பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். தான் பார்த்ததை உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் காட்ட முடியாமல் ஒருவர் நிற்கிறாரே, அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது மாதிரிக் கொடுமை வேறு கிடையாது.

கம்பெனி ஆள் எழுந்து, கண் மூடியிருந்தால் தடமே பதிவாகியிருக்காது, தடம் இருக்கிறது, ஆகவே பொட்டுக் கதை பொய் என்றார். வெண்ணெய் வெட்டுகிற மாதிரிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து போய் என் நெற்றிப் பொட்டை எடுத்து அந்தத் திரையின் கண் மேல் ஒட்டி, தூரத்தைப் பொண்ணு மேல் வைத்தேன். தாலி கட்டிக்கொண்டவள் பொட்டை எடுக்கிற இடமா அது என்று பிறகுதான் உறைத்தது. பேச்சியம்மாள் என் வெறும் நெற்றியைப் பார்த்தார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரை நின்றுவிட்டது. பொண்ணும் அவள் கைத் தாமரையும் தெளிவு. பின்னால் பச்சையும் வெளிச்சமுமாகக் கலங்கல், அதன் நடுவில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. மேடம் அதையே உற்றுப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். தெளியவில்லை. இப்படி ஒரு திரையை அந்த அம்மா எத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாரோ, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இப்ப எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்பிக்கங்க மேடம். கொஞ்ச நேரம் ஓடட்டும். அப்புறம் தடத்தைப் படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

திரும்பிக்கொண்டோம். சுவரில் ஒரு நாட்காட்டியும் பல்லியும் இருந்தன. பிறகு கம்பெனி ஆளைத் தடத்தைப் படிக்கச் சொன்னார் மேடம். அவர் ஒரு தடவை மனசுக்குள் படித்தார். சத்தமாகப் படியுங்கள் என்றார் மேடம்.

"பார்வையாளர்... பின்புறம்... அசையும் கை. இரண்டு நொடிக்கு மேல்."

"பார்வையாளர்னா யாரு? பல்லியா?" என்றார் மேடம்.

கம்பெனி ஆள் கழுத்துப் பட்டையைத் திருகினார். "கண் சிமிட்டுறப்ப தடம் அறுந்துடக் கூடாதுல்ல மேடம். அதுக்காக, கண் கிடைக்காத நேரத்துல, மனுஷன் இங்கதான் பாத்திருப்பான்னு அதுவா ஊகிச்சு நிரப்பிக்கும். எது அசையுதோ அங்க பாப்பாங்கன்னு..."

"சிமிட்டுறதுக்குச் செஞ்சது. ஒரு ஆளோட தலையை உருட்டப் பாத்திருக்கு."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். இந்தத் தடம் செல்லாது, முடித்துவிடலாம் என்று பதிவு பண்ணுகிற தன் ஆளிடம் சொன்னார். அவன் பதிவுக் கருவியை இன்னும் அணைக்கவில்லை. இவர் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. வெளியே போனதும் ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். அவ்வளவு அற்பமான சந்தோஷம்.

அப்போதுதான் பேச்சியம்மாள் எழுந்தார்.

"அப்ப இந்தத் தம்பி பாக்கலையா தாயி?"

மேடம் மெதுவாக விளக்கினார்: இல்லையம்மா, இயந்திரம் தானாக எழுதிய கணக்கு அது, இவர் கண் அங்கே போனதற்குச் சாட்சியே இல்லை.

பேச்சியம்மாள் மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

"இந்தத் தம்பி பாத்துச்சுன்னு போலீசுல சொன்னாக. அதைக் கேட்ட பொறவுதான் நான் சோறு தின்னேன். நான் பஸ்சேறிப் போயிட்டேன். கரையில அம்புட்டுப் பேரு இருந்தும் ஒருத்தரும் பாக்காமப் போயிட்டாருன்னா, அது நாய் செத்த மாதிரில்ல ஆயிரும். ஒருத்தராச்சும் பாத்தாகளே, கடைசியா ஒரு கண்ணு அவரு மேல இருந்துச்சேன்னு இருந்தேன். காப்பாத்தாட்டிப் போகுது. இப்ப அதுவும் மிசினு சொன்ன பொய்யின்னா, நான் எதை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போக?"

இவர் கை என் கையிலிருந்து நழுவியது. வேண்டாம் என்று கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன்.

"பாத்தேன்க்கா" என்றார் சோணை.

"சோணைமுத்து," என்றார் மேடம், "நான் இன்னும் முடிக்கலை. எல்லாம் பதிவாகிட்டு இருக்கு."

அவர் காதில் அது விழவில்லை. பேச்சியம்மாளைப் பார்த்தே சொன்னார். "வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுச்சுக்கா. பச்சைக்குள்ள மேலயும் கீழயும் அசைஞ்சுச்சு. கொக்குன்னு நெனச்சேன். ரொம்ப அழகா இருந்துச்சு. அதனால பாத்துக்கிட்டே இருந்தேன். மிசினு சொன்னதை விட ரொம்ப நேரம் பாத்தேன். அது நின்ன பொறவும் பாத்தேன்."

ரெஜினா மேடம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். பார்த்தது கொக்கா, ஆளா என்று கேட்டார். கொக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அங்கதான் மேடம் பாத்தேன். இருந்தது அவருதான்."

சட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும். தடம் பொய், மனுஷன் வாய் மெய். கேமராவைப் பறித்துக்கொண்டார்கள், பட்டியலில் பெயர் ஏறியது. என் பொட்டை மட்டும் மேடம் உரித்து, ஒரு காகிதத்தில் ஒட்டி என்னிடம் கொடுத்தார். பேச்சியம்மாள் இவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டாராம் கும்பிட்டு. அந்தக் கும்பிடை வைத்து நான் என்ன உலையா வைக்க முடியும்? பஸ்ஸில் வரும்போது நான் இவரோடு பேசவில்லை, அந்த மாதம் முழுக்கப் பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. நியாயம் என்று எல்லாரும் சொல்கிற ஒன்றைச் செய்தவனோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். இப்போது அவர் என் அச்சுக் கடையில் காகிதம் வெட்டுகிறார். நேராக வெட்டுகிறார், அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். அந்தப் படம் ஒன்று வேண்டும் என்றார். பொண்ணு வீட்டாரிடம் கேட்டேன். எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள், அதை அவர்கள் வீட்டில் மாட்ட யாருக்கும் மனசு வரவில்லை. பின்னால் இருக்கிறவரைத் தெளிவாக எடுத்து அடித்துத் தரட்டுமா, முகம் நன்றாகத் தெரியும் என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"வேணாம் தாயி. அந்தத் தம்பி பாத்த மாதிரியே குடு."

கம்ப்யூட்டர் திரையின் கண் மேல் ஒரு பொட்டை ஒட்டிவிட்டு, தூரம் சரிபார்த்து, நானே அச்சடித்தேன். இவர் மூலையில் காகிதம் வெட்டிக்கொண்டே இருந்தார், அந்தப் பக்கம் திரும்பவில்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது பேச்சியம்மாள் வீட்டுக்குள் போயிருந்தேன். சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிறார். யாரோ ஒரு பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற படத்துக்கு மாலை. வருகிறவர்கள் விசாரித்தால் பின்னால் இருக்கிற வெள்ளையைத் தொட்டுக் காட்டுவாராம். அவர்கள் பக்கத்தில் போய் நின்று, தெளியட்டும் தெளியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்.

"எம்புட்டுப் பாத்தாலும் அம்புட்டுத்தான்னு சொல்லுவேன்" என்றார். "எனக்கு நல்லாத் தெரியுது. கையைத் தூக்குறாரு பாரு."

நானும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது வெள்ளைச்சாமி என்று தெரிந்தே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தேன். எனக்குக் கொக்காகத்தான் தெரிந்தது.